ராஷ்ட்ரபதிக்குப் போன மனு

என் நைனாவும் மாமாவும் சண்டை போடாமல் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நைனா, அதாவது அப்பா, வீட்டிலேயே இரண்டு பவர்லூம் தறி போட்டிருந்தார். அந்தச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் இருவரும் அரசியல் பேசுவார்கள். அந்த வருஷம் பேச்செல்லாம் எங்கள் ஊர் அண்டர்பாஸைப் பற்றி. தெலுங்குச் சீமையில் நகரிக்குப் பக்கத்தில், ரயில் தடத்துக்கு அந்தப்புறம் எங்கள் ஊர், இந்தப்புறம் மெயின் ரோடு. தடத்துக்கு அடியில் குனிந்து போகும் அந்த ஒரே வழியில், ஒரு மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர்.

“தடம் டெல்லிக்காரனுது. அதுக்குக் கீழ நிக்கிற தண்ணியும் அவனுதுதான். அவன்தான் எறைக்கணும்” என்பார் நைனா.

“இன்னா மாமா நீ! தண்ணி வர்றது நம்ம ரோட்டுல இருந்து. கால்வா வெட்டாம ஊர் முனையில அலங்கார வளைவு கட்டிக்கினு கீறானுங்களே, அவனுங்களைக் கேளு. எல்லாத்துக்கும் டெல்லியையே இழுத்தா, இங்க ஓட்டு வாங்கினவன் எதுக்குக் கீறான்?” என்று மாமா திருப்பிக் கத்துவார். அக்கா புருஷன் என்பதால் நைனா அவருக்கு மாமா.

அம்மாவுக்கு அப்போது எட்டு மாசம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “ரெண்டு பேரும் வாயால எறைச்சது போதும். யாருக்காவது ஒரு மனு எழுதுங்க. எனக்கு வலி எடுத்தா நீந்திக்கினா போவேன்?” பிறகு என்னைக் கூப்பிட்டு, “தம்பி சொல்றதுதான் நாயம். நீ ராஷ்ட்ரத்துக்கே எழுதுடி” என்றாள்.

நான் ஐந்தாவது, தெலுங்கு மீடியம். வீட்டில் தெலுங்கு எழுதத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி நான்தான். தெலுங்கில் மாநிலத்துக்கு ராஷ்ட்ரம் என்று பேர். நாங்கள் தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்லுவோம். மனுவை முத்து முத்தாக எழுதி நைனாவிடம் கையெழுத்து வாங்கினேன். யார் பேருக்கு அனுப்புவது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ராஷ்ட்ரத்துக்குப் பெரியவர் ராஷ்ட்ரபதி. கவர்மேல் அதை எழுதினேன். ஊர்ப்பேர் எழுதவில்லை, அவ்வளவு பெரியவருக்கு எதற்கு விலாசம்? நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். அவர் டெல்லியில் இருக்கிறவர், மொத்த நாட்டுக்கும் தலைவர் என்பதெல்லாம் எங்களுக்கு அடுத்த வகுப்புப் பாடம்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. மாமாவின் ஆட்டோ தண்ணீர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. உள்ளே கழுத்தளவு. அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நைனா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு, சேற்று மேட்டில் ஏறி, ஜல்லிக் கற்களில் வழுக்கி வழுக்கித் தடத்தைத் தாண்டினார்கள். மெயின் ரோட்டில் காத்திருந்த ஆம்புலன்ஸ் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. குழந்தை அழவே இல்லை. தங்கச்சி. தலை நிறைய முடியாம். எனக்குக் காட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரியான ஆளுக்கு எழுதியிருந்தால் மட்டும் ஒரு மாசத்தில் கால்வாய் வெட்டியிருப்பார்களா என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். சில நாள் சமாதானம் ஆகிறது.

அதற்குப் பிறகு மாமா வந்தால் பேசாமல் டீ குடிப்பார், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், போய்விடுவார். நைனா தறியை விட்டு எழுந்திருக்கமாட்டார். இருவருக்கும் ஒருவழியாக ராசியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு கவர் வந்தது. மேலே சிங்க முத்திரை. உள்ளே இங்கிலீஷ். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நடுவீட்டில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெரிந்த வார்த்தைகளை வைத்துப் பார்த்தால், இது மாநில அரசைச் சேர்ந்த விஷயம், அவர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம் என்று இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாளாயிற்று அந்த வீட்டில் யாராவது சிரித்து!

“அம்மா, ராஷ்ட்ரத்தோட வேலைதானாம்! டெல்லியே எழுதிக்கீது! மாமா ஜெயிச்சிடுச்சி!” என்று கூவினேன்.

நைனா தறியை நிறுத்தினார். மாமா எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தம்பி ஜெயித்ததற்கு அக்கா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லை போல என்று நினைத்து, இன்னும் சத்தமாக, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்துக் காட்டினேன்.