முன்னே நடந்தவர்

டீக்கடையில் கிளாஸை வாங்கிய பிறகும் அற்புதராஜின் கால்கள் ஓய்வதில்லை. நின்ற இடத்திலேயே குதிகால் ஏறி இறங்கும். டீ தளும்பிச் சட்டையில் சொட்டும். "நின்னுட்டா இது ஏத்துக்காது சார்" என்று சட்டைப் பையிலிருக்கும் போனைத் தட்டிக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசைதான் அவருக்கு வசதி. பிரசங்கம் நீண்டால் பின்பக்கமாக மெல்ல உலாத்தலாம்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடுகிற வேலை. பகலெல்லாம் நாற்காலி. சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்கப் பிடிக்காமல், பெரிய கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பைகள் விற்ற நெய்னா முகம்மதுவையும் கடற்கரைச் சாலைக்கு இழுத்துப் போனார். நெய்னா நடப்பது குறைவு, நிற்பது அதிகம். வலை உதறுகிறவரிடம் ஒரு பேச்சு, சுண்டல்காரரிடம் ஒரு விசாரிப்பு. அற்புதராஜும் கூடவே நிற்பார்.

பிறகுதான் மகள் ஜோவிதா, நடையைக் கணக்கெடுக்கும் அந்தச் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தாள். நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பரிசு, வேகம் குறைந்தால் ஒன்றுமில்லை. "நீ மெதுவா வா நெய்னா" என்று சொல்லிவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அற்புதராஜ் முன்னே போய்விடுவார். திரும்பி வரும்போது எதிரே கண்டால் கையை உயர்த்துவார். அவ்வளவுதான்.

ஒருநாள் நெய்னா வரவில்லை. மறுநாளும் இல்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கடைப் பக்கம் போனால், பைகள் தொங்கிய இடத்தில் செல்போன் உறைகள். நெய்னா கடையைக் கைமாற்றிவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் நபீசா வீட்டோடு போய்விட்டதாகப் புதுக் கடைக்காரர் சொன்னார்.

அங்கேயே நின்று போன் போட்டார். "ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லத்தாண்ணே ரெண்டு மூணு நாளா வந்தேன். நீங்க கையக் காட்டிட்டுப் போயிட்டீங்க. கூப்புட்டேன், ஒங்களுக்குக் கேக்கல."

"கோவமே இல்லாம சொன்னாரு சார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்கிறார் அற்புதராஜ், டீக்கடையில் என்னிடம். இப்போதும் நடக்கிறார். இடப்பக்கம் ஓர் ஆள் வருகிற அளவுக்கு இடம் விட்டு நடக்கிறார்.

போன வாரம் பரிசு வந்தது. ஒரு ஜோடி ஷூ. "எட்டாம் நம்பரா? ஒங்களுக்கு ஒம்பதுல்லப்பா?" என்றாள் ஜோவிதா. "நெய்னாவுக்கு எட்டு" என்றார்.

கூரியர் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். பெட்டியின் மேல் நெய்னாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். கீழே கோயம்புத்தூர் என்று எழுதினார்.

"தெருவு, டோர் நம்பரு போடுங்க சார்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

பேனா நின்றது. "அத நான் கேக்கவே இல்லியே" என்றார், என்னைப் பார்த்து. பெயருக்கும் ஊருக்கும் நடுவே எழுதாமல் கிடந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே நின்றார்.