சண்டை போடும் வேகம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அந்த அம்மாவை ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பாராட்டு அல்ல, குத்தல். போன வருடம் மாரத்தான் ஓடப் போனவர், பின்தங்கியவர்களை அள்ளிப்போட்டு வரும் பேருந்தில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

மருத்துவமனைப் போர்வைகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் விட்டுத் தேய்த்து எடுக்கும் வேலை. வயது நாற்பத்தாறு. பத்து கிலோமீட்டரை முட்டி மோதி ஓடிய வேகத்தை அப்படியே மாரத்தானின் நாற்பத்திரண்டுக்கும் நீட்டியதுதான் அவர் செய்த தப்பு. போட்டியில் கொடுத்த பனியனின் முதுகில் ‘நினைத்தால் முடியும்’ என்று அச்சடித்திருந்தது. முழங்கால் நினைக்குமா? நுரையீரல் நினைக்குமா? விழுந்தவரிடமே ‘நீ சரியாக நினைக்கவில்லை’ என்று பழியைத் திருப்பிவிடத் தோதான மந்திரம் அது. முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டபோதும் மந்திரம் பனியனில் பத்திரமாகத்தான் இருந்தது.

இந்த வருடம் அந்தப் பேருந்தில் ஏறக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் சொந்தக் காலால் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்கான வேகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நாத்தனாரின் வாய். விடியற்காலையில் தனியாக ஓடும் பெண்ணைத் தெரு நிம்மதியாக விடுவதில்லை. அதனால் நாத்தனார் துணைக்குச் சைக்கிளில் வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை.

“எங்கண்ணன் முன்னெல்லாம் நல்லா சிரிப்பாரு அண்ணி. கல்யாணத்துக்கு அப்புறந்தான் மூஞ்சி அப்படி ஆயிடுச்சு.”

“வாய மூடுடி! உங்கண்ணன் சிரிச்சு உங்கம்மாவே பாத்ததில்ல!”

பதில் முழுதாக வந்தால் வேகம் சரி. ‘வாய மூ…’ என்று பாதியில் மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது. நெடுந்தூரம் ஓடிய ஞாயிறுகளில், கடைசிவரை சண்டை ஓயாத வேகம் எது என்று இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிடம். பெருக்கிப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது.

“இவ்ளோதானா அண்ணி? வாக்கிங் போற தாத்தாவே முந்திடுவாரு.”

“முந்தட்டும். என் காலு, என் கணக்கு.”

பயிற்சி அட்டவணையில் ‘ஓய்வு நாள்’ என்று போட்டிருந்த நாட்களில் அவர் ஈரத் துணி வண்டி தள்ளினார். அட்டவணை எழுதியவர் ஈரப் போர்வையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். தள்ளிய களைப்போடும் மறுநாள் அதே வேகத்தில் ஓடினார். ஒரு நாளும் கூட்டிக் காட்ட ஆசைப்படவில்லை. அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

போட்டியன்று சைக்கிளுக்கு அனுமதியில்லை. நாத்தனார் முடிவுக் கோட்டில் காத்திருந்தாள். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் பாய்ந்தது. இவரும் அதோடு இழுபட்டார். கால்கள் பறந்தன. திடீரென்று உறைத்தது. காற்றைப் பார்த்து, “வாய மூ…” என்றார். வார்த்தை பாதியில் அறுந்தது.

வேகத்தைக் குறைத்தார். நூறு பேர் தாண்டிப் போனார்கள். மறுபடி சொல்லிப் பார்த்தார்.

“வாய மூடுடி!” முழுதாக வந்தது.

பக்கத்தில் ஓடியவர் மிரண்டார். “என்னையா சொன்னீங்க?”

“ஐயோ, இல்ல தம்பி. என் நாத்தனார.”

முப்பதாவது கிலோமீட்டரில், காலையில் தாண்டிப் போனவர்களில் பலர் ஓரமாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கெண்டைக்கால் இவருக்கும் முனகியது. ஆனால் இழுக்கவில்லை. வாய்க்குள் சண்டை ஓடிக்கொண்டே இருந்தது. பேருந்தின் ஹாரன் பின்னால் எங்கோ கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தார். முடிவுக் கோட்டின் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் மேசையும் காலி. கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. மரியாதை மட்டும் வேகத்துக்குத் தகுந்தபடி! வளைவின் ஒரு கம்பத்தை மட்டும் அவர்களால் அசைக்க முடியவில்லை. அதை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு நின்றாள் நாத்தனார்.

“ஆறு மணி நேரம்னு போட்டிருக்கீங்கல்ல? இன்னும் ஆகல! எங்கண்ணி வராம எவனாவது தொட்டுப் பாருங்க!”

பெரிய கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. எக்ஸ்பிரஸ் கோட்டைத் தாண்டினார்.

“ஏன் அண்ணி, இவ்ளோ நேரமா? எனக்குக் கை கடுக்குது.”

“வாய மூடுடி, உன்ன யாரு கம்பத்தக் கட்டிப்பிடிக்கச் சொன்னா?”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.