இன்ஜினுக்குள் போன சுற்றமும் நட்பும்

கடலூர் கோவிந்தசாமி பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைப் பனியில் வண்டிக்கடியில் படுத்து ஆயில் ஒழுக்கை அடைத்த கதையை அவர் சொல்லாத வீடு தெருவில் இல்லை. நம்பிய வீடும் இல்லை. அவர் வீட்டு அடுப்படிக் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

தானே புயலுக்கு அடுத்த தை மாதம். மகள் கயல்விழியின் கல்யாணப் பத்திரிகையை ராகு காலத்துக்கு முன் சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டில் வைத்தாக வேண்டும். நிச்சயத்துக்கே தாமதமாக வந்தார்கள் என்று மாப்பிள்ளையின் தாய் ரத்தினம்மாள் முகத்தைத் திருப்பியவள். இன்னொரு முறை தாமதித்தால் மகளின் வாழ்வு என்னாகுமோ என்பதே வீட்டில் பேச்சு. கரண்ட் வராத அச்சகத்திலிருந்து கைக்கு வந்தது ஒரே ஒரு பத்திரிகை. திருவந்திபுரம் பெருமாள் காலடியில் வைத்து, மூலைகளில் மஞ்சள் தடவி, மனைவி அமராவதி அதைத் தாம்பூலத் தட்டோடு மடியில் பிள்ளைபோல் வைத்திருந்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றது. சாய்ந்த புளியமரம் பாதி ரோட்டை அடைத்திருக்க, மீதியில் ஒரு ராணுவ லாரி புகைந்துகொண்டு நின்றது. இன்ஜினின் பக்கவாட்டு மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் அட்டை பேக்கிங் கிழிந்து, சூடான புகைக்குழாயின்மேல் ஆயில் பீய்ச்சியிருந்தது. கிளப்பினால் தீப்பிடிக்கும் என்று லாரி டிரைவர் கையை விரித்தார்.

கோவிந்தசாமி இறங்கிப்போய் மூடியைக் கழற்றினார். கெட்டி அட்டை கேட்டார். பஸ்ஸில் கிடைத்த பிஸ்கட் டப்பா அட்டை தொட்டதும் கிழிந்தது. அவர் பார்வை மெல்ல மனைவியின் மடிக்கு வந்தது.

"வூட்டுக் குழாய அடைக்கத் துப்பில்ல," என்றாள் அமராவதி. "எம்பொண்ணு பத்திரிகதான் கெடச்சிதா?"

"வண்டி நவுந்தாத்தான் நாம போவ முடியும்."

கண்ணீரோடு கொடுத்தாள். மூடிமேல் பத்திரிகையை விரித்து, ஸ்பேனரால் விளிம்பு நெடுகத் தட்டினார். வளையமாக வெட்டுப்பட்டு வந்தது. வளையத்தில் பெயர்பெயராக அச்சாகியிருந்த சுற்றமும் நட்பும், ஒட்டிக்கொள்வதற்குத் துணி சோப்பு பூசிக்கொண்டு இன்ஜினுக்குள் போனார்கள். நடுவில் விழுந்த மணமக்கள் மட்டும் தட்டுக்குத் திரும்பினார்கள்.

டின்னில் இருந்த ஆயிலை ஊற்றிக் கிளப்பினார்கள். சொட்டு ஒழுகவில்லை. டிரைவர் அவரைக் கட்டிக்கொண்டு, இருவரையும் லாரியிலேயே ஏற்றிச் சம்பந்தி வாசலில் இறக்கினார். ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

தட்டிலிருந்த துண்டை ரத்தினம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தம்பிங்க பேரெல்லாம் எங்க?"

"லாரியில இருக்காங்க சம்மந்தி," என்றார் கோவிந்தசாமி.

அவள் வாசலுக்குப் போய் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவர் லாரியின் முன்மூடியைத் தூக்கி இன்ஜினைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். மூடி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கடைசித் தம்பியின் இனிஷியலை அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"சொத்துக்கு அடிச்சிக்கினு ஒருநாளும் ஒண்ணா நின்னதில்ல," என்றாள் ரத்தினம்மாள். "இங்க பாரு, எப்பிடி ஒட்டிக்கினு இருக்கானுங்க."

உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து லாரியின் நெற்றியில் வைத்துவிட்டு, சம்பந்திகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அமராவதி கணவர் தோளில் சாய்ந்து கேட்டாள்: "நம்ம குழாய அடைக்க யாரு கல்யாணம் வரணுங்க?"