கெண்டைக்கால் வலிக்கு நான் எழுதிய காரணங்கள்

முதலில் வலித்தது கெண்டைக்கால். இரண்டு பக்கமும், தொட்டாலே வலி. அன்றைய பயிற்சிக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஓட்டம் பதினான்கு கிலோமீட்டர். கெண்டைக்கால் இறுக்கம். நாளை சற்று மெதுவாக."

மறுநாள் காய்ச்சல். குறிப்பு: "வெயிலில் சைக்கிள்." மூன்றாம் நாள் கண் சிவந்தது. குறிப்பு: "நீச்சல் கண்ணாடி கசிகிறது, மாற்ற வேண்டும்." நான்காம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில், கொஞ்சமாக. குறிப்பு: "தண்ணீர் போதவில்லை." எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எல்லாமே தவறு. நீங்களும் பயிற்சிக் குறிப்பு எழுதுகிறவர் என்றால், ஒரு நோய் ஒளிந்துகொள்ள அதில் எவ்வளவு இடமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு நெல்லும் தென்னையும். முந்தைய ஆண்டு ஒரு டிரையத்லானை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் முடிக்கும் போட்டி) முடித்திருந்தேன். ஓட்டத்தின் பாதியில் கால் பிடித்துக்கொண்டது. நிற்காமல் போனேன், வலி விட்டுவிட்டது. அங்கே நான் கற்றது அது ஒன்றுதான்: வலியை மதிக்காதே.

அந்தப் பாடத்தோடுதான் இரு மடங்கு தூரப் போட்டிக்குத் தயாரானேன். நீச்சலில் பலவீனம் என்பதால் வாரம் மூன்று நாள் வயலை ஒட்டிய வாய்க்காலில் நீந்தினேன். சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் சிராய்ப்பு அப்போது ஆறியிருக்கவில்லை. கெண்டைக்காலுக்கு ஐந்து நாள் வலிமாத்திரை போட்டேன், நானாகவே.

ஆறாம் நாள் காலை மனைவி சுமதி என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, கண்ணு மஞ்சளா இருக்குதுங்க" என்றாள்.

"செவப்புத்தான். கண்ணாடி கசியுது."

"கண்ணாடி மஞ்சளாவா கசியுது? கெளம்புங்க. இல்லீன்னா உங்கண்ணனுக்குப் போன் பண்டுவேன்."

பாலக்காட்டில் ஒரு மருத்துவமனை. மலையாளி டாக்டர் அம்மா கெண்டைக்காலை அமுக்கினார். கத்திவிட்டேன்.

"சாரே, வயல்ல பணியுண்டோ?"

"நான் எறங்கறதில்லீங்க. ஆளுங்கதான்."

"தோடு, கனாலு?" ஓடை, வாய்க்காலைக் கேட்டார்.

"வாய்க்கால்ல நீந்துவனுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாக உடலில் புகும் தொற்று). சிறுநீரகங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தன. வலிமாத்திரையும் அதற்கு உதவியிருக்கும் என்றார். "கிட்னி திரும்ப வருமோன்னு இப்போ பறைய முடியாது."

டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரித்தல்) ஏழு முறை. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: சிறுநீர் வருமா, அல்லது ஆயுளுக்கும் இந்த இயந்திரமா?

இந்த நோயைத் தடுக்கும் மாத்திரை என் வீட்டிலேயே இருந்தது. மழைக்காலத்தில் பஞ்சாயத்துச் சுகாதாரப் பணியாளர் வாரந்தோறும் தந்துவிட்டுப் போவார். களையெடுக்கும் ஏழு பெண்களுக்கும் நானே கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பேன். எனக்கும் ஒன்று தருவார். சேற்றில் இறங்குகிறவர்களுக்கானது என்று அலமாரியில் போட்டுவிடுவேன். அந்தப் பெண்கள் சேற்றுக்கால் கழுவிய வாய்க்காலில்தான் நான் தலை முங்க நீந்தினேன்.

அவர்களில் மூத்தவர் ராசாத்தி பார்க்க வந்தார். இயந்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முழுங்குனயா, வாயத் தொறன்னு எங்களயெல்லாம் நிக்க வெச்சீங்களே. உங்க வாயத் தொறக்கச் சொல்ல ஆளில்லாமப் போச்சுங்களா?"

சுமதி சிரித்துவிட்டாள். எனக்கு ராசாத்தி மேல் கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் நூற்றைம்பது மில்லி வந்தது. மறுநாள் நானூறு. இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பாதி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. "ஓட்டம், நீச்சல் எல்லாம் மதி, நிறுத்தணும் சாரே. நடந்தா போதும்" என்றார் டாக்டர். மறுபடி இயந்திரம் தேவைப்படுமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

பயிற்சி செய்த உடம்பு என்பதால்தான் பிழைத்தேன் என்கிறார்கள் நண்பர்கள். பயிற்சி செய்ததால்தான் படுத்தேன். உங்களுக்கு யாராவது இந்த ஆறுதலைச் சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இப்போது காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறேன். சிறுநீரகம் தளர்ந்து காலில் நீர் கோத்திருந்தால் குழி விழும். அது நிரம்பும்வரை எண்ணுகிறேன். நேற்று நான்கு. இன்று ஏழு எண்ணியும் குழி அப்படியே இருந்தது.

"எத்தனைங்க?" என்று அடுக்களையிலிருந்து சுமதி கேட்டாள்.

"நாலு" என்றேன்.