மீசையை ஒதுக்கிக் காட்டிய நாள்

நான் பிறக்கும்போதே மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. கிரகணத்தன்று அம்மா வாசலுக்கு வந்துவிட்டதால்தான் இப்படி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் மதுரைக்குக் கூட்டிப்போய்த் தைத்தார்கள். புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. மீசை முளைத்ததும் அடர்த்தியாக வளர்த்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அங்கே வந்துபோகிறவர்களில் பலருக்கு மீசைக்குக் கீழே இருப்பது தெரியாது.

என் மனைவிக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று காபியை நீட்டியவள், மீசைக்குள் தழும்பைக் கண்டுகொண்டும் மற்றவர்களைப் போலச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அப்போதே அவள் நர்ஸ். நின்று பார்த்துவிட்டு, "தையல் நல்லா விழுந்திருக்கு" என்றாள். என் அக்கா பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

இப்போது அவள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். அங்கிருக்கும் டாக்டரம்மா ஒருவர், லீவு போட்டுவிட்டு வெளிநாட்டுக் குழு ஒன்றோடு ஏழை நாடுகளுக்குப் போய், உதடு பிளந்த பிள்ளைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்டு வருவார். போன வருஷம் என் மனைவியையும் கூப்பிட்டார். இடம் மடகாஸ்கர். வீட்டில் நானும் அவளும் மகளும் போனில் மேப்பைத் திறந்து, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் கிடந்த அந்தத் தீவைத் தேடிப் பிடித்தோம்.

இவள் அதுவரை விமானம் ஏறியதில்லை. "பாப்பாவுக்குப் பரீட்சை வருதே" என்று இழுத்தாள்.

"நீ போம்மா, அப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றாள் மகள். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டு இவள் கிளம்பினாள்.

போய்ச் சேர்ந்து பேசியபோது பயமெல்லாம் போயிருந்தது. "ஏங்க, இங்க மூணு வேளையும் சோறுதான். கூட வந்த டாக்டருங்க எல்லாம் நம்ம பொடியப் போட்டுச் சாப்பிடுறாங்க. ரெண்டு நாள்ல காலியாகிரும்."

பிள்ளைகளைத் தியேட்டருக்குள் தூக்கிப்போவது இவள் வேலை. அம்மாவை விட்டுப் பிரிகிற இடத்தில்தான் அழுகை வரும் என்றாள்.

"என்ன பாஷையில சமாதானம் சொல்லுவ?"

"நம்ம பாஷையிலதான். 'வா அப்பு, செத்த நேரந்தான்'னு சொல்லிக்கிட்டே போவேன். அதுகளும் என் வாயவே பாத்துக்கிட்டு வரும்."

இதே மனுஷி வீட்டில் எனக்கு ஊசி போட்டால், "கைய ஆட்டாதீங்க" என்பதோடு சரி.

ஒருநாள் மத்தியானம் கடையில் இருந்தேன். ஆத்தூர்க்காரர் ஒருவர் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காயில் கருகிப்போயிருந்தது. பிரித்துக்கொண்டிருக்கும்போது இவள் வீடியோவில் கூப்பிட்டாள். கை முழுக்கக் கரி. போனைச் சுவரில் சாய்த்துவைத்தேன்.

"ஏங்க, மீசைய ஒதுக்குங்க" என்றாள், எடுத்த எடுப்பில்.

"கடையில ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும். இங்க ஒரு அம்மா பிள்ளையத் தர மாட்டேங்குறாங்க. ரெண்டு வயசுப் பொண்ணு. ரொம்பத் தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்துட்டு, இப்ப வேணாங்குறாங்க. தைச்சா பெரிய ஆளானதும் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்னு கேக்குறாங்க. போட்டோ காட்டினோம், நம்பல."

திரையில் அந்த அம்மா வந்தாள். சின்னப் பெண்தான். தோளில் குழந்தை முகம் புதைத்துக் கிடந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆத்தூர்க்காரர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரிக்கையோடு இரண்டு விரலால் மீசையை விலக்கிப் பிடித்தேன்.

அவள் போனுக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார்.

"பேசச் சொல்றாங்க" என்றாள் இவள்.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசுங்க. குரல் கேக்கணுமாம்."

வாயில் வந்ததைப் பேசினேன். இது அஞ்சு எச்.பி. மோட்டார், கரண்ட் ஏறி இறங்கியதில் காயில் போய்விட்டது, இவருக்குத் தோட்டத்தில் கத்தரி காய்கிறது, நாளைக்குள் கட்டித் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தையும் புரியாமல் அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

மறுபடியும் ஏதோ கேட்டாள். இந்தத் தடவை இவள் எனக்குச் சொல்லவில்லை, நேரே அவளுக்கே பதில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"வீட்ல கட்டிவச்சாங்களா, நீயா சரின்னு சொன்னியானு."

"நீ என்ன சொன்ன?"

"நானாத்தான் சொன்னேன்னு சொன்னேன். போன வைக்கிறேன், வேலை கிடக்கு."

நான் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். சட்டையெல்லாம் கரி. ஆத்தூர்க்காரர் குனிந்து என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "இம்புட்டு நாளா வாரேன், கவனிச்சதே இல்லப்பா" என்றார். "டீ சொல்லட்டா?" என்று எழுந்து போனார்.

மறுநாள் அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. ஊருக்குத் திரும்பும்வரை இவளுக்கு ஓய்வே இல்லை. "பிள்ள நல்லா இருக்கு" என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள்.

மதுரை விமான நிலையத்தில் வெளியே வந்தபோது இளைத்திருந்தாள், கண்ணெல்லாம் தூக்கம். கையில் அந்த ஊர் நார்ப்பை ஒன்று. பாப்பா சாப்பிட்டாளா, பால்காரர் ஒழுங்காக வந்தாரா என்று விசாரித்தாள். காரில் ஏறியதும் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். வாடிப்பட்டி தாண்டியதும் தானாகப் பேச ஆரம்பித்தாள்.

மயக்கம் தெளிந்த பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா உடனே கை நீட்டவில்லையாம். வேறு யார் பிள்ளையோ என்று பார்த்தாளாம். குழந்தை அவள் குரலைக் கேட்டுத் தாவிய பிறகுதான் வாங்கினாளாம். சாயங்காலம் ஒவ்வொரு கட்டிலாகப் போய், காத்திருந்த மற்ற அம்மாக்களிடம் காட்டினாளாம். கொண்டுவந்திருந்த துணியால் அதுவரை மூடியே வைத்திருந்த முகம்.

"அந்தத் துணிய மடிச்சு இடுப்புல சொருகிட்டாங்க" என்றாள்.

வீடு வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவள் இறங்கவில்லை, இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மகள், வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.