சிபாரிசுக்குப் போன மண்புழு டாக்டர்

மேனாம்பேட்டில் இருக்கும் என் நண்பனுக்கும் எனக்கும் பதினோரு நாள்தான் வித்தியாசம். பத்தாம் வகுப்பு முடித்ததும் அவன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போனான். நான் மேலே படிக்கப் போனேன். போனவன் லேசில் திரும்பவில்லை. பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.பில்., அதற்குப் பிறகு மண்புழுக்களின் இனப்பெருக்கம் பற்றி ஒன்பது வருட ஆராய்ச்சி. என் தொட்டியில் புழுக்கள் கொள்ளுப்பேரன்வரை எடுத்துவிட்டன. நான் மட்டும் பெண் பார்க்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

"புழுவுக்கெல்லாம் பிரசவம் பாக்குறியே மச்சான், உன் ஊட்ல எப்போ தொட்டில் கட்டுவ?" என்பான். கேட்கும்போது அவன் இடுப்பில் மகள் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு வயதில் அப்பாவானவன் அவன்.

நான் கல்யாணம் செய்துகொண்டது முப்பத்தாறில். மனைவியும் ஆராய்ச்சி மாணவி. "உங்கள மாதிரி இழுக்க மாட்டேன், மூணே வருஷம்" என்றாள். ஐந்தானது. அவள் பட்டம் வாங்கிய வருடமே எங்கள் மகள் பிறந்தாள். எனக்கு நாற்பத்தொன்று. குழந்தையைத் தூக்கினால் முதுகு பிடிக்கும், இறக்கினால் முட்டி பிடிக்கும். மற்றபடி சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

நண்பன் தன் மனைவியைக் கண்டுபிடித்த இடத்துக்கு நானும் சாட்சி. ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அது. நான் காலேஜ் விட்டு வருவேன், அவன் பட்டறை விட்டு நகக்கண்ணில் கிரீஸோடு வருவான். சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது மிஷினும் சேர்ந்து தட்டும்போது தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும். ரிப்பன் மை வாசனை சட்டையோடு வீடுவரைக்கும் வரும். இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது என் விரல்கள் தாமாகவே தொடைமேல் ஏ எஸ் டி எஃப் தட்டும். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்கார்வார்.

மூன்றாவது மிஷினில் ஒரு பெண் அடிப்பாள். மாஸ்டர் எங்கள் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு அடிக்கிற சத்தத்தக் கேளுங்கடா, மழ மாதிரி ஒரே சீரா வருது பாரு" என்பார். நண்பன் ஆறு மாதத்தில் முதல் பாடத்தைத் தாண்டவில்லை. ஆனால் வந்த காரியத்தை முடித்துவிட்டான். அவள் லோயர் பரீட்சை பாஸ் செய்தாள், அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், சில மாதங்களில் இன்ஸ்டிட்யூட்டுக்கு வருவது நின்றது.

அந்தத் தம்பதியின் மகள்தான் இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அடுத்த வெள்ளிக்கெழம என்னைப் பொண்ணு பாக்க வராங்க. எனக்கு எம்.எஸ்சி. சீட்டு கெடச்சிருக்கு. இந்தத் திங்கக்கெழம சேரலன்னா போயிடும். அப்பா நீங்க சொன்னா கேப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு வயது மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். தொண்டையைச் செருமி, வகுப்பெடுக்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"மச்சான், இந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குப் படிப்புதான்..."

இதற்குள் என் மகள் தெருவைப் பார்த்து ஓடினாள். பிடிக்க எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி எழுந்த நிலையில், கும்பிடு போடுகிறவன்போல அப்படியே நின்றுவிட்டேன். நண்பனின் மகள்தான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள்.

"பாத்தியாம்மா?" என்றான் நண்பன். "எம்.எஸ்சி.ன்னா இதான். படிச்சிகினே இருந்தா இப்டிதான் ஆவும். இவன் பொண்ணு காலேஜ் போறப்போ இவன் கண்ணு ஆபரேசனுக்குப் போவான்."

 படிப்புக்கு எதிராக அவனிடம் இருந்த ஒரே ஆதாரம் நான்தான். அந்த ஆதாரம் ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்கே வந்திருந்தது.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி வந்தாள். கையை முந்தானையில் துடைத்தபடி அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் ஹையர் பரீட்சைக்குப் போனது உனக்கு ஞாபகம் கீதா இல்லியா?"

"இப்போ இன்னாத்துக்கு அது?"

"ஏழு மாசம் எனக்கு. வயிறு இடிச்சிகினு மிஷின்கிட்ட ஒட்டி ஒக்கார முடில. கைய நீட்டி நீட்டி அடிச்சேன். பாதியிலயே தோளு விட்டுப்போச்சி, எந்திரிச்சி வந்துட்டேன். நீ வெளிய சோடா வாங்கிகினு நின்ன. 'போனா போவுது, அடுத்த தபா எயுதிக்கலாம்'ன. அடுத்த தபா இவ இடுப்புல. அதுக்கடுத்த தபா சின்னவன் வயித்துல." மகளைக் காட்டினாள். "இவளப் பெத்ததுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா இவ முழுசா எயுதிட்டு எந்திரிக்கட்டும்."

இருபத்தோரு வருடமாக எனக்கு இது தெரியாது. அவள் ஏன் வரவில்லை என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. மூன்றாவது மிஷின் காலியானது என்று குதித்துப் போய் உட்கார்ந்து, அதிலேயே பழகி, அதே ஹையரை நான் பாஸ் செய்தேன். ஊருக்கெல்லாம் சாக்லேட் வேறு கொடுத்தேன்.

 நண்பன் போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, வெள்ளிக்கெழம வர வேணாம்னு சொல்லிடு... பொண்ணுக்கு ஒரு கொறயும் இல்ல, நல்லாத்தான் கீது. படிக்கப் போவுது... ரெண்டு வருசம்... அதுக்கப்புறமா? அத அதுதான் சொல்லணும்."

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினான்.

"எவ்ளோ வேணா படி. ஆனா கல்யாணம் எப்போ, கொயந்த எப்போன்னு மட்டும் இந்தாள கேட்டுடாத."

"சத்தியமா கேக்க மாட்டேன்பா" என்றாள் அவள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல்.