கூரை ஓட்டை வழியே ஒரு வெளிச்சம்

மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு வரும் பஸ்ஸின் உட்புறத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. கூரையிலிருந்து ஒரு கற்றை வெளிச்சம் இறங்கி, ஓர் அக்காவின் தலையில் விழுகிறது. அவர் கண்மூடி, எதையோ மூக்கருகே பிடித்திருக்கிறார்.

அழகான படம். பொய் சொல்ல மாட்டேன், நானும் ஹார்ட் போட்டேன்.

கீழே ஒருவர், "தெய்வமே இறங்கி வந்து ஆசீர்வதிக்கிறது" என்று உருகியிருந்தார்.

இன்று மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினால் அதே அக்கா, அதே சீட். மிளகு விற்றுவிட்டுத் திரும்புகிறார். போனை நீட்டினேன்.

"ஏங்கண்ணு, இது நானா? வளைவுல கொமட்டுதுன்னு எலுமிச்சம்பழத்த மோந்துட்டிருக்கேன். இதப் போயி எதுக்கு எடுத்தாங்க?"

"அந்த வெளிச்சத்துக்காகத்தானுங்க, அக்கா."

அவர் நிமிர்ந்து கூரை ஓட்டையைப் பார்த்தார்.

"ஒழுகுதுன்னு நாம சொன்னப்ப ஒருத்தருமே நிமுந்து பாக்கலையே, சாமி."

பாதி மலை ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்கா பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து, எனக்கும் பாதி கொடுத்தார். அப்படியும் என் தோள் நனைந்துவிட்டது.

உங்கள் ஊர் பஸ்ஸில் தெய்வம் எத்தனை இடத்தில் இறங்குகிறது?